இன்னும் ஒருக்கா வருவான்

1

எங்களைப் பெற்ற ஐயா கண்ணை மூடிய நாளை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் குடும்பத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கே நாங்கள் காலைப் பூசைக்குப் போய்விட்டு வருவோம். அங்கே ஊரில், கொழும்புத்துறையில், அண்ணையும் அண்ணியும் ஐயாவின் பேரில் பூசை ஒப்புக்கொடுத்து, அயலில் நாலு பேருக்குச் சோறு கொடுத்துவிட்டு, பின்னேரத் தேத்தண்ணியோடு போனுக்கு முன்னால் வந்து இருப்பார்கள். எங்களுக்கு அப்போது முற்பகல். வீடியோவில் முகம் பார்த்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, பிறகு மீன் விலையும் மழையும் கதைத்து முடிப்போம். ஐயா உயிரோடு இருந்த காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு ஒழுங்காக அவருக்கு முன்னால் இருந்ததில்லை.

நான் லண்டனுக்கு வடக்கே ஒரு சிறிய நகரத்தில், ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் தள்ளுகிறவன். வார்டில் கிடக்கிற நோயாளியைக் கட்டிலோடு எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது, பிறகு திருப்பித் தள்ளிக்கொண்டு வருவது. ஊரில் யாராவது கேட்டால் “ஆஸ்பத்திரியிலை வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பாதிப் பேர் என்னை டொக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் இல்லையென்று சொல்லி அவர்களுடைய மனத்தைப் புண்படுத்துவதில்லை.

அண்ணை குருநகரில் பிறந்து கடலில் வளர்ந்த மனிதர். பிறகு கலியாணம் கட்டிக் கொழும்புத்துறைக்குப் போனார். இப்போது கடலும் இல்லை, கனக்க ஞாபகமும் இல்லை. மறதி வருத்தம். சாப்பிட்டதை மறந்துவிட்டு அண்ணியிடம் “என்ன, இண்டைக்கு உலை வைக்கேல்லையோ” என்று கேட்பார். இவற்றோடு காதும் மந்தம். அதனால் போன வருடம் ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு சின்ன உருண்டை ஸ்பீக்கர் கொடுத்து அனுப்பினேன். போனில் வருகிற சத்தம் அதற்குள்ளால் வந்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும். அண்ணைக்கு அதிலே பெரிய சந்தோஷம். “தம்பி பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு” என்பார். சொல்லிவிட்டு, “எப்ப வாறாய்?” என்று கேட்பார். பதில் சொல்லி முடிக்க முதல் மறுபடி கேட்பார்.

2

என் ஒரே மகள் ஜெனிற்றா. நாங்கள் கூப்பிடுவது ஜெனி. இங்கே பிறந்து வளர்ந்தவள். தமிழ் கதைப்பாள்; ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சூடு பார்த்துத் தொடுகிறவள்போலத்தான் எடுப்பாள். அவளுக்கு வேலை கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்கிற ஒரு கம்பனியில்.

அது வானத்தில் போர் விமானங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுடுகிற விளையாட்டு. சின்னப் பிள்ளைகளின் அலுவல் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். தலை நரைத்த தகப்பன்மாரெல்லாம் வீட்டில் ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு விளையாடுகிறார்களாம். இதுவரை அதில் அமெரிக்கப் பிளேன்களும் ரஷ்யப் பிளேன்களும்தான் பெரும்பாலும் இருந்தன. இந்த வருடம் பிரித்தானியப் போர் விமானங்களையும் சேர்ப்பதென்று முடிவெடுத்தார்கள். நின்ற இடத்திலிருந்தே எழும்புகிற ஹாரியர், செட்டையை முன்னும் பின்னும் மடக்குகிற டொர்னாடோ, ஜாகுவார் என்று ஒவ்வொன்றாக. இங்கத்தைய ஆட்கள் இதற்காகக் காத்துக் கிடந்தார்களாம்.

ஒரு பிளேனைச் சேர்ப்பதென்றால் அதன் படத்தை வரைந்து பறக்கவிடுவது என்றுதான் நான் விளங்கிவைத்திருந்தேன். ஜெனி சொல்லச் சொல்ல வாய் பிளந்தேன். இளைப்பாறிய விமானிகளைக் கூட்டிவந்து இருத்தி, இந்தச் சுவிச்சை எந்த விரலால் தட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு கைப்பிடி மஞ்சளா கறுப்பா என்று விளையாடுகிறவர்களுக்கும் செய்கிறவர்களுக்கும் இடையில் ஒரு மாதமாகச் சண்டை. ஆணி ஒன்று இடம் மாறியிருந்தாலும் கடிதம் எழுதுகிறார்களாம்.

ஜெனியின் வேலை சத்தம். பழைய பிளேன்கள் வைத்திருக்கிற ஓரிடத்தில் ஆண்டில் சில நாட்கள் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவார்கள். அந்த நாளுக்காகக் காத்திருந்து, மழைக்கோட்டோடு புல்லில் படுத்து, மைக்குகளைக் கட்டிப் பதிவுசெய்துகொண்டு வந்தாள். பிறகு வீட்டில் பின்னறையில் இருந்து மாதக்கணக்காக அதை வெட்டினாள், ஒட்டினாள். விமானிக்குக் கேட்கிற சத்தம் வேறாம், கீழே தரையில் நிற்கிறவனுக்குக் கேட்கிற சத்தம் வேறாம். கீழே கேட்கிறதைச் சரியாகச் செய்த ஆள் இன்னும் இல்லை, நான் செய்யப்போகிறேன் என்றாள். என் மனைவி மேரி கோயிலில் கேட்கிறவர்களுக்கெல்லாம், “பிள்ளை பிளேனுக்குச் சத்தம் போடுறாள்” என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். கேட்டவர்கள் ஏதோ விமான நிலையத்தில் அறிவித்தல் சொல்கிற வேலையென்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஓர் அந்தரம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அவள் செய்கிற பிளேன்களில் ஒன்றுகூட, நான் அறிய, எங்கள் ஊருக்கு மேலே வந்ததில்லை. எங்களுக்கு வந்தது வேறு. குண்டு போட வருகிற கிபிரின் பெயரைக் கேட்டாலே அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகிற சனம் நாங்கள். ஆனால் பெற்ற பிள்ளை படித்து, விரும்பின வேலையில், கண்ணெல்லாம் வெளிச்சமாக இருக்கிறாள். உன்னுடைய வேலை எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்ல? ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். அதுவே பெரிய புண்ணியம் என்று இருந்தேன்.

3

ஐயாவின் ஆண்டு நினைவு வந்த அதே கிழமைதான் பிரித்தானியப் பிளேன்கள் விளையாட்டில் வெளியாயின. ஞாயிறு காலை பூசையால் வந்ததும் நான் ஹோலில் போனை நிறுத்திவைத்துக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். மேரி குசினியில் நின்றாள். அங்கே அண்ணி சாப்பாடு கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணை வெள்ளைச் சேட் போட்டு, தலை வாரி, கலியாண வீட்டுக்கு வந்த ஆள்மாதிரி இருந்தார். “எப்ப வாறாய்?” முடிந்து, “மகள் எங்கை?” என்றார். அவருக்கு அன்று அவளை ஞாபகம் இருந்தது.

நான் ஜெனியைக் கூப்பிட்டேன். அவள் சந்தோஷத்தில் ஓடிவந்தாள். கையில் கம்ப்யூட்டர். வேலையிடத்துப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அதற்கு முதல் நாளே எங்கள் டீவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். “அப்பா, பெரியப்பாவும் பாக்கட்டும். இது நான் செய்தது” என்றாள். நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்கு நேரமும் தரவில்லை.

திரையில் பச்சை வயல், நீல வானம், ஒரு புள்ளி. முதலில் சத்தமே இல்லை. புள்ளி பெரிதாகித் தலைக்கு மேலே வந்து கடந்து போன பிறகுதான் சத்தம் வந்தது. அப்படித்தான் வரவேண்டும். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் கிலுங்கின. என் பிள்ளை சரியாகச் செய்திருந்தாள்.

போனைப் பார்த்தேன். அண்ணை எழுந்துவிட்டார். மேலே பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று அவருடைய உடம்புக்குத் தெரியும். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தார். போன் விழுந்தது. கதிரைக் காலும் கூரைச் சிலாகையும் மட்டும் தெரிந்தன. அண்ணையின் குரல் கேட்டது. மறதி வருத்தம் இல்லாத, பழைய, கடற்கரைக் குரல்.

“விழுந்து படு. முழங்கையை ஊண்டு, நெஞ்சு நிலத்திலை முட்டக் கூடாது. வாயைத் திற, இல்லாட்டிக் காது வெடிச்சிடும்.”

இங்கே குசினியில் மேரி அடுப்பை நூர்த்துவிட்டுக் கதவு நிலையோடு ஒட்டி நின்றாள். அவளுடைய வாய் திறந்திருந்தது. நான் எப்போது கதிரையை விட்டு இறங்கினேன் என்று தெரியாது. கம்பளத்தில் முழங்கையை ஊன்றியபடி கிடந்தேன். ஜெனி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கா?” என்று கேட்டாள்.

4

அண்ணி அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். அண்ணை வீட்டுக்குப் பின்னால், முருங்கைக்குக் கீழே, கிடங்கு கிண்டுகிறாராம். மண்வெட்டியைப் பிடுங்கி ஒளித்தால் தேங்காய்ச் சிரட்டையால் கிண்டுகிறாராம். வயது போன மனிதர், மூன்று நாளில் தான் மடங்கிப் பதுங்கி இருக்கிற அளவுக்கு ஒரு பங்கர் கிண்டி முடித்துவிட்டார். அந்தப் பக்கம் மணல் நிலம், இளகி வரும்.

“என்னவாம் சொல்லுறார்?” என்று கேட்டேன்.

“ஒருக்காத்தானே வந்தவன், இன்னும் ஒருக்கா வருவான் எண்டுறார் தம்பி. அது முடியாமல் ஒருத்தரும் வெளியாலை வரப்படாதாம்.”

இதை இங்கே இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். அந்தச் சண்டை நாட்களில் குண்டு போடுகிற பொம்மர் ஒரு தரம் கீழே பதிந்துவிட்டுப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அது போகவில்லை. மேலே எழும்பி, வளைந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் பதியும். முதல் குண்டு விழுந்ததும் யார் வீட்டில் விழுந்தது என்று பார்க்க ஓடினவர்கள்தான் இரண்டாவதில் அகப்பட்டவர்கள். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரு சட்டம்: இரண்டாம் தரம் முடிந்த பிறகுதான் வெளியே. எங்கள் பங்கரில் அண்ணை வாசலில் குறுக்கே காலை நீட்டிக்கொண்டு இருப்பார். நான் துடியாட்டக்காரன், எட்டிப் பார்க்கப் போனால் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுப்பார். அவரை எத்தனை நாள் பேசியிருப்பேன். இன்று உயிரோடு இருந்து இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்றால் அந்தக் கால்தான் காரணம்.

அந்த அண்ணைதான் இப்போது காத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டு டீவியிலிருந்து ஒரு பிளேன் ஒரு தரம் வந்துவிட்டது. இரண்டாம் தரம் எங்கிருந்து வரும்?

விடிந்தால் கிடங்குக்குள் இறங்கிவிடுவார். சோறு அங்கே. தேத்தண்ணி அங்கே. கொடியில் வெள்ளைச் சீலை காய்ந்தால் மேலேயிருந்து தெரியுமென்று இழுத்து மண்ணில் போட்டுவிடுவார். பங்குச் சுவாமியார் வந்து, சண்டையெல்லாம் எப்பவோ முடிந்துவிட்டது என்று பொறுமையாகச் சொன்னாராம். அண்ணை கேட்டுவிட்டு, “சுவாமி, உந்த வெள்ளை அங்கியோடை வெளியாலை நிக்காதையுங்கோ, உள்ளை வாங்கோ” என்றாராம். சுவாமியாரும் பாவம், கொஞ்ச நேரம் உள்ளே இறங்கி இருந்துவிட்டுப் போயிருக்கிறார். டொக்டர் குளிசை கொடுத்தார். குளிசைக்கு நித்திரை கொள்கிறார். முழிப்பு வந்தால் கிடங்கு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டார். மூன்றாம் தரம் அண்ணை அவருடைய கையைக் கடித்துவிட்டார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மாரி தொடங்கினால் அந்தக் கிடங்கில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அண்ணையின் நெஞ்சில் முன்பே சளி. அண்ணிக்கு முழங்கால் வருத்தம். அவளால் அவரைத் தூக்க முடியாது. மழைக்கு முதல் மனிதரை வெளியே எடுக்கவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஜெனி தானே கதைக்கிறேன் என்று போனை வாங்கினாள். இரவிரவாக வசனம் பாடமாக்கியிருந்தாள் போலிருக்கிறது. “பெரியப்பா, அது நான். அது பொய்ப் பிளேன். நான் செய்தது. இனி வராது” என்றாள். ஒரு பிழையும் இல்லாத தமிழ். அண்ணை கிடங்குக்குள் இருந்து போனை உற்றுப் பார்த்தார்.

“நீ ஆரின்ரை பிள்ளை?” என்று கேட்டார். “ஏன் வெளியாலை நிக்கிறாய்? கெதியா உள்ளை வா. இடம் இருக்கு.”

சொல்லிவிட்டுத் தள்ளி இருந்து இடமும் விட்டார். ஜெனி போனை என்னிடம் தந்தாள். “அவர் என்னைக் காப்பாத்தப் பாக்கிறார், அப்பா” என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளையாட்டிலிருந்து அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாமா என்று தன் மேலாளரைக் கேட்டாளாம். உலகம் முழுக்க ஆட்கள் அதைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் யார் எடுப்பார்கள்? எடுத்தாலும் அண்ணைக்கு என்ன? அவர் கேட்டது கேட்டதுதான்.

5

ஒரே வழி நான் போவது. பக்கத்தில் நின்று தோளைத் தொட்டு, “அண்ணை, முடிஞ்சுது, வாங்கோ” என்று சொன்னால் வருவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. போவதற்கு என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். முதலில், படத்தில் இடது கண் சரியாகத் திறக்கவில்லை என்று திருப்பினார்கள். கண்ணை உருட்டி முழித்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். பின்சுவரில் நிழல் விழுகிறதாம். போன் எடுத்தால் ஓர் இயந்திரம் மிக மரியாதையாகக் கதைத்து, என்னைக் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுகிறது. பிறகு ஒரு மனிதக் குரல் வந்து, உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்கிறது. அவசரம் என்றேன். என்ன அவசரம் என்றார்கள். என் அண்ணன் ஒரு பிளேனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று இங்கிலீசில் சொல்லிப் பார்த்தேன். எந்த விமான சேவை என்று கேட்டார்கள்.

வேலையில் லீவும் முடிந்துவிட்டது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அம்மா தங்கமான மனுஷி. கணினியைத் திருப்பி எனக்கே காட்டினாள். நெருங்கிய உறவு என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை. சகோதரன் என்றால் ஒரே கூரையின் கீழ் வாழவேண்டும். நாங்கள் ஒரே பங்கருக்குள் வாழ்ந்தவர்கள், அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. டொக்டர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். அதில் வேறு வில்லங்கம். அண்ணையின் பெயருக்கு முன்னால் ஐயாவின் பெயர் நிற்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த நாளில் ஓர் அதிகாரி என்னுடைய பெயரைத் திருப்பிப் போட்டார். அன்றிலிருந்து என் பெயரே எனக்குக் குடும்பப் பெயர், என் மகளுக்கும் அதுதான். “உங்கள் அண்ணன் என்றால் ஏன் குடும்பப் பெயர் வேறு?” என்றாள் அந்த அம்மா. ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதை நான் எதைக் கொண்டு காட்டுவேன்? மூக்கைத்தான் காட்டவேண்டும்.

அன்று பின்னேரம் ஒரு கிழவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனேன். அவருடைய தம்பி பக்கத்தில் நடந்து வந்தார். தூரத்து ஊரிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி வந்தவராம், களைத்துப்போனேன் என்று என்னிடம் முறைப்பட்டார். எனக்கு வந்த எரிச்சலில் கட்டிலைச் சுவரில் இடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

6

ஜெனிதான் அந்த யோசனையைச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“ரெண்டாவது வந்தால் பெரியப்பா வெளியில வருவார், இல்லையா? நான் ரெண்டாவதைச் செய்யலாம்.”

மேரி கோப்பையைத் தள்ளிவிட்டாள். “விசர்க்கதை கதையாதை பிள்ளை. ஒருக்காக் கேட்டே மனிசன் கிடங்குக்கை கிடக்குது.”

“அம்மா, இது போற சத்தம். வாறது சின்னது. போறது நீளமா. திரும்பி வராது எண்டு தெரியிற மாதிரி.”

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் பட்டது. இரண்டு பக்கமும் பயமாகவும் இருந்தது. அண்ணியிடம் சொல்லி, முடிவை அவளுடைய தலையில் போட்டேன். போனுக்குள் காகம் கத்தியது கேட்டது.

“போடச் சொல்லு தம்பி,” என்றாள். “நேற்றுத் தூறினது. சாக்கைத் தலையிலை போட்டுக்கொண்டு இருக்கிறார். நான் கும்பிட்டும் பாத்திட்டன், அழுதும் பாத்திட்டன். அவன் வந்து போனால்தான் இந்த மனிசன் எழும்பும். வரட்டும், வந்து துலையட்டும்.”

அந்தக் கிழமை முழுக்க ஜெனி பின்னறையில் இருந்தாள். கம்பனி வேலையைப்போலவே செய்தாள். இடைக்கிடை கதவைத் திறந்து கேட்பாள். “எந்தப் பக்கம் போகவேணும், அப்பா?” நானும் மேரியும் ஒரே வாயில், “பூநகரிப் பக்கம்” என்றோம். கொழும்புத்துறையில் நின்று பார்த்தால் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் பூநகரி. குண்டு போட வந்தவர்கள் வேலையை முடித்துக்கொண்டு அப்படித்தான் போவார்கள். அவ்வளவு நேரமும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மேரி, “தண்ணிக்கு மேலாலை போகேக்கை சத்தம் கொஞ்சம் அகலும்” என்று தானாகச் சொன்னாள். ஜெனி அதை எழுதிக்கொண்டாள். கடைசியாக, குண்டுச் சத்தம் வேண்டுமா என்று கேட்டாள். என் மகள் என்னிடம் இதைக் கேட்கிற நாள் ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை.

“வேண்டாம்,” என்றேன். “முதல் தரமும் அவன் போடேல்லைத்தானே.”

7

அடுத்த ஞாயிறு நாங்கள் பூசைக்குப் போகவில்லை. மேரி, தன்னால் கேட்க ஏலாது என்று சொல்லித் தோட்டத்துக்குள் போய், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

போனில் முருங்கை தெரிந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. கிடங்குக்குள் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகில் சாக்கோடு குந்தியிருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஐயாவின் கடைசிக் காலத்து முகம்போல இருந்தது. அண்ணி உருண்டை ஸ்பீக்கரைக் கொண்டுபோய்க் கிடங்கின் கரையில், அவர் வெட்டிப்போட்ட மண்ணின் மேல் வைத்தாள். அவருடைய காதுக்கு அது கிட்ட இருக்கவேண்டும். பிறகு தள்ளி நின்று போனைப் பிடித்தாள்.

“சரி தம்பி. போடு.”

ஜெனியைப் பார்த்துத் தலையாட்டினேன். பிளேன் வந்தது.

வருமென்று தெரியும். யார் செய்தது என்று தெரியும். ஆனாலும் நான் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டேன். அங்கே அண்ணை அப்படியே விழுந்து படுத்தார். விழுந்த வேகத்தில் கரைமண் சரிந்து ஸ்பீக்கரோடு கிடங்குக்குள் இறங்கியது. மண்ணுக்குள் இருந்து பிளேன் கத்தியது. தலைக்கு மேலே போய், நீர்ப்பக்கம் திரும்பி, பூநகரிப் பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து போனது. ஜெனி அதை அவ்வளவு நீளமாகச் செய்திருந்தாள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிந்து, பிறகு இல்லாமல் போனது.

அண்ணை அசையவில்லை. கன நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். செவி கொடுத்தார். முகத்தைச் சாரத்தால் துடைத்தார்.

“போயிட்டான்,” என்றார்.

முருங்கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கை கொடுக்காமல், தானாக ஏறி வெளியே வந்தார். அண்ணி அழத் தொடங்கிவிட்டாள், போன் ஆடியது. ஜெனி என் கையை இறுக்கிப் பிடித்தாள். “அப்பா, வந்திட்டார்,” என்றாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது. கண்ணாடியைத் தட்டி மேரியைக் கூப்பிட்டேன்.

அண்ணை வீட்டுக்குள் போகவில்லை. கிடங்கின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“ஐயா,” என்று கூப்பிட்டார்.

அந்த நாட்களில் அவர்தான் முதலில் வெளியே வருவார். வந்து நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் குரல் கொடுத்துக்கொண்டு ஏறி வரவேண்டும். அண்ணிக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

“ஐயா வந்திட்டார்,” என்றாள்.

“அம்மா.”

“அம்மாவும் வந்திட்டா.”

“றீற்றா.”

“நான் இஞ்சைதானே நிக்கிறன்,” என்றாள் அண்ணி.

“தம்பி.”

அண்ணி அதற்கும் வந்துவிட்டான் என்றுதான் சொல்லியிருப்பாள். நான் முந்திவிட்டேன். வாய் தானாகத் திறந்தது. “அண்ணை, நான் இஞ்சை” என்றேன். என் குரல் கிடங்குக்குள், சரிந்த மண்ணுக்குக் கீழேயிருந்து வந்தது.

அண்ணையின் முகம் மாறியது. அண்ணி ஓடிப்போய்ப் போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். “இஞ்சை பாருங்கோ, தம்பி போனிலை நிக்கிறான். லண்டனிலை நிக்கிறான்.” அவர் அதைப் பார்க்கவில்லை. கையால் விலக்கினார்.

“சத்தம் கேக்குது. ஆளைக் காணேல்லை,” என்றார். மறுபடி கிடங்குக்குள் இறங்கினார். முழங்காலில் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரத் தொடங்கினார்.

“அண்ணை, நான் வெளியாலை வந்திட்டன், எனக்கு ஒண்டுமில்லை” என்று கத்தினேன். அவர் இன்னும் வேகமாகக் கிண்டினார். மேலே முதல் துளிகள் முருங்கை இலையில் விழுகிற சத்தம் கேட்டது.

“கதையாதை ராசா,” என்றாள் அண்ணி. “நீ கதைக்கக் கதைக்கக் கிண்டுறார்.”

வாயை மூடினேன். அண்ணை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, காதை ஈரமண்ணோடு வைத்தார்.

“தம்பி,” என்றார். “மூச்சு விடுறியோடா?”

அண்ணி போனுக்குள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஜெனி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் மறுபடி கேட்டார். குரல் உடைந்தது. என் அண்ணை அழுது நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“ஓம் அண்ணை,” என்றேன்.

“பயப்பிடாதை,” என்றார். “நான் வாறன்.”